தையல்நாயகி வைத்த லத்தானி

மில் கேட்டில் காவல்காரர் தையல்நாயகியை நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னபோது உள்ளேயிருந்து விழுந்தது குப்பை. அறுந்த நூல், பஞ்சுத் தூசி, ரீலிங் செக்‌ஷன் மூலையில் கூட்டிக் குவித்த அழுக்குப் பஞ்சு. அவள் நூல் திருடிக்கொண்டு போகிறாள் என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். காவல்காரர் குச்சியால் அதைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"இத்த எதுக்கும்மா ஊட்டுக்குக் கொண்டுபோற?"

"மக்க வச்சு எருவாக்க."

"அப்பிடி என்னா பயிரு வச்சிருக்க?"

"பனை."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் தானாக முளைத்துத் தானாக வளர்கிற மரத்துக்கு எரு போடுகிற ஒருத்தியை அவர்கள் பார்த்ததில்லை. தையல்நாயகி குனிந்து குப்பையை ஒன்று விடாமல் அள்ளிப் பைக்குள் திணித்தாள். நிமிர்ந்து காவல்காரரைப் பார்த்தாள்.

"நாளைக்கும் கொண்டுபோவேன். நாளைக்கும் கொட்டிக் காட்டணும்னா இப்பவே சொல்லிடு, பெரிய பையா எடுத்தாரேன்."

அதற்குப் பிறகு அவளை யாரும் நிறுத்தவில்லை. இது நடந்தது எழுபத்து மூன்றாம் வருஷம்.

நெல்லித்தோப்பில் அவர்கள் இருந்தது மாமனார் கட்டிய ஓட்டு வீடு. முன்பாதியில் கணவனின் அண்ணன் தணிகாசலமும் அவர் மனைவி அஞ்சலாட்சியும். பின்பாதியில் தையல்நாயகியும் கணவன் முருகையனும். முருகையன் அதே மில்லில் தறி ஓட்டினான். வீட்டுக்குப் பின்னால் கிணறும் துவைகல்லும் கொஞ்சம் வெற்று மண்ணும் இருந்தன. அது இரண்டு குடும்பத்துக்கும் பொது. பாகம் பிரிக்கவில்லை.

தையல்நாயகிக்கு ரீலிங்கில் வேலை. கண்டு உருளையிலிருந்து நூலை இழுத்துப் பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்றுகிற மெஷின் முன்னால் நிற்க வேண்டும். ஷிப்டு முழுக்க வெள்ளை நூல் ஓடும். அறுந்தால் முடிபோட வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளையாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வேலை விட்டு வருகையில் கால் வலிக்கிறதென்று பொட்டானிக்கல் கார்டனுக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். எதிரே அடி பெருத்து, கழுத்து சிறுத்து, கூஜாவை நட்டு வைத்ததுபோல ஒரு பனை நின்றது. அதற்கு முன் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்தபோது கண்ணுக்குள் ஓடுகிற வெள்ளை நின்றிருந்தது. மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழங்களில் ஒரு பிடி பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டால்டா டின்னிலும் ஓட்டைக் குடத்திலும் அந்த விதைகள் முளைத்தன. பிறகு கடற்கரைப் பக்கத்துப் பங்களா ஒன்றில் பாத்திரம் தேய்க்கிற தோழி மூலம் ஒரு விசிறி வாழைக்கன்று வந்தது. தடுக்குப் போல மடிப்பு மடிப்பாக இலை விடுகிற குட்டைப் பனை ஒன்று வந்தது. செம்மண்தான் வேர் பிடிக்க நல்லதென்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லாஸ்பேட்டை மேட்டுக்குப் போய்ப் பையில் மண் சுமந்து வந்தாள். நடத்துநர் மண்ணுக்கும் லக்கேஜ் போட வேண்டும் என்றார். "இது மண்ணில்ல, செடிக்குச் சோறு. சோத்து மூட்டைக்கு லக்கேஜ் கேப்பியா?" என்று சண்டை பிடித்தே வந்து சேர்ந்தாள்.

அஞ்சலாட்சிக்கு இது ஆகவில்லை.

"பனைமரத்துல பேய் குடியிருக்கும்னு சொல்லுவாங்க. ஊட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறியே, உனக்கு அறிவிருக்கா?"

"குடியிருக்கட்டும்க்கா. பேயிக்கும் ஒரு ஊடு வேணுமில்ல."

தணிகாசலம் அதிகம் பேசமாட்டார். ஊரில் பெயர் எடுத்த மேஸ்திரி. அவர் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகாது என்பார்கள். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பதால் கிணற்றடியில் நின்று பொதுவாகச் சொன்னார்: "தென்னைய வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஒரு தென்னம்பிள்ளைய வச்சாலும் நாலு காய் காய்க்கும்."

தையல்நாயகி வாளியைக் கீழே வைத்தாள். "நான் பாக்கறதுக்குத்தான் மாமா வச்சிருக்கேன். பாத்துட்டே சாவறேன்."

முருகையன் உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொண்டான்.

தெருக்கோடியில் செல்வாம்பாள் வீடு. அவள் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, ஊர்ப்பேச்சில் சொல்தாவாக, இருந்தவர். குடும்பமே ரெயூனியன் தீவில் குடியேறியிருந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவுக்கு வருவார்கள். வந்தால் தெருவே அங்கே போய் நிற்கும். யாருக்குச் சென்ட், யாருக்குச் சோப்பு, யாருக்கு நைலான் புடவை என்று. ஒருமுறை அப்படி வந்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் செல்வாம்பாள் கேட்டாள்: "உனக்கு என்னாடி கொண்டாரட்டும் தையலு? நீ ஒண்ணும் கேக்கமாட்டேங்கிறியே."

"அங்க பனை இருக்குதா?"

செல்வாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டாள். "ஐயோ மோந்தியே! ஏரோபிளேன்ல வரவகிட்ட பனைய கேக்கறா பாரு. இருக்குது. லத்தானியேன்னு சொல்லுவாங்க. விசிறி மாதிரி ஓலை. குட்டில செக்கச்செவேல்னு இருக்கும்."

"அதோட கொட்டை கொண்டா. வேற ஒண்ணும் வேணாம்."

செல்வாம்பாள் மறக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது கோட்டுப் பைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய மூன்று விதைகளை எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரல் தடிமன். மேலே யாரோ உளியால் செதுக்கியதுபோல வரிகள். தையல்நாயகி அவற்றை ஈரச் சாக்கில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அழுகிப்போனது. இரண்டு முளைத்தன. முதல் இலை விரிந்தபோது காம்பும் விளிம்பும் நரம்பும் வெற்றிலை போட்ட நாக்குப் போலச் சிவந்திருந்தன. பேய் என்று சொன்ன அஞ்சலாட்சியே வந்து குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, தான் வந்ததை யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

தெரு அதை லத்தானி என்று கூப்பிட்டது. ஒன்றைக் கிணற்றுக்குப் பக்கத்திலும் இன்னொன்றை மேற்குச் சுவர் ஓரத்திலும் மண்ணில் இறக்கினாள். மக்கிய பஞ்சைக் கூடை கூடையாகக் கொட்டினாள்.

பிறகு மில்லில் கதவடைப்பு வந்தது. சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தது. இரண்டு பேர் சம்பாத்தியமும் ஒரே இடத்தில் என்பதால் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் துண்டுமாக நாள் ஓடியது. அப்போது முருகையனே சொன்னான்: "அந்தப் பனையப் புடுங்கிட்டுக் கீரை போடு. வயித்துக்காவது ஆவும்."

தையல்நாயகி கீரை போட்டாள். லத்தானியைச் சுற்றி, விசிறி வாழைக்கு இடையில், துவைகல் பக்கத்தில் என்று கிடைத்த மண்ணிலெல்லாம் முளைக்கீரை தெளித்தாள். தெருவுக்கே கொடுக்கிற அளவுக்கு வந்தது. பனையைப் பிடுங்கவில்லை.

"கீரைக்கு எடம் பத்தலன்னு நீ வந்து சொல்லு, அப்பப் புடுங்கறேன்" என்றாள் கணவனிடம்.

காலையில் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மற்ற பெண்களோடு மில் வாசலில் போய் உட்காருவாள். வெயிலானாலும் எழக்கூடாது, போலீஸ்காரர் லத்தியைத் தட்டினாலும் எழக்கூடாது, யாராவது ஒருத்தி மோர் கொண்டுவந்தால் வரிசையாகக் குடித்துவிட்டு அதே இடத்தில் உட்கார வேண்டும். உட்காருவது எப்படி என்று அந்த வாசலில் கற்றுக்கொண்டாள். கடைசியில் மில் திறந்தது.

எண்பத்தொன்றில் தணிகாசலத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் ஆபீசும் காலேஜும் பெருகிக்கொண்டிருந்தன. வெளியூர்க்காரர்கள் தங்க இடம் தேடி அலைந்தார்கள். பின்னால் சும்மா கிடக்கிற மண்ணில் இரண்டு ரூம் எழுப்பி வாடகைக்கு விட்டால் இரண்டு குடும்பத்துக்கும் ஆகும். தம்பியிடம் சொன்னார். முருகையன் "ஒங்க இஷ்டம்ண்ணே" என்றான். தையல்நாயகியிடம் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் காலை ஷிப்டு முடிந்து வந்தபோது தெருவில் லத்தானி ஓலைகள் கிடந்தன. கிணற்றடி மரம். ஆள் உயரத்துக்கு வளர்ந்து நெஞ்சு விரிந்து நின்றதை அடியோடு வெட்டியிருந்தார்கள். ஓர் ஆடு ஓலை நுனியை மென்று பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தது. காம்பில் இன்னும் சிவப்பு இருந்தது.

தெருவில் இரண்டு மூன்று பேர் அவள் அழுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் சோற்றுக் கேரியரைச் சுவரோரம் வைத்தாள். ஓலைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். அடிக்காம்பு கனத்தது. இழுத்துக்கொண்டு போய் தணிகாசலத்தின் வாசலில், கதவுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகச் சாய்த்து நிறுத்தினாள். உள்ளேயிருந்து அஞ்சலாட்சி ஓடி வந்தாள்.

"என்னாடி பண்ற?"

"சாவு விழுந்திருக்குதில்ல? பந்தலுக்குக் கீத்து வேணாமா?"

அஞ்சலாட்சி வாயில் அடித்துக்கொண்டு அலறினாள். நல்ல நாளும் அதுவுமாக வாசலில் சாவுப் பந்தலா என்று தெருவைக் கூட்டினாள். தணிகாசலம் வந்து பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று. முதல்முறையாகத் தம்பி மனைவியைப் பார்த்து நேராகப் பேசினார்.

"ஒரு மரத்துக்கு இவ்ளோ ஆங்காரமா?"

"மரத்துக்கு இல்ல மாமா. நான் ஊட்டுல இல்லாத நேரமா பாத்து வெட்டினீங்களே, அதுக்கு."

அன்று முருகையன் அவளிடம் பேசவில்லை. அவளும் சோறு போட்டு வைத்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. சொந்த அண்ணன் வாசலில் கீற்றுச் சாய்த்தது அவனுக்குப் பொறுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தான் செய்தது அதிகம்தான் என்றும் தெரியும். ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தார்கள். கோடு மேற்குச் சுவரோரம் நேராகப் போய் இரண்டாவது லத்தானியின் அடிக்கு வந்தது. அங்கே தையல்நாயகி ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். முதுகு மரத்தில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் சோற்றுக் கேரியர், செம்பில் தண்ணீர், வெற்றிலைப் பை. மில்லுக்குப் போகிறவள் மாதிரியே எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தணிகாசலம் தம்பியைக் கூப்பிட்டார். "வந்து தூக்கு உன் பொண்டாட்டிய."

முருகையன் வந்தான். மனைவியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் தூக்கினா என்னை அடிப்பாண்ணே. நீங்க தூக்கினா உங்களையும் அடிப்பா. மில் கேட்டுல போலீசே வந்து தூக்க முடியல. எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது." சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அவள் பக்கம் பேசவில்லை. ஆனாலும் அவளுக்கு எதிராகவும் நிற்கவில்லை. தையல்நாயகிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆட்கள் மற்ற மூன்று பக்கமும் தோண்டினார்கள். மேற்குப் பக்கம் வந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்கள். வேலை நின்றது. மாலையில் ரீலிங் செக்‌ஷன் பெண்கள் ஷிப்டு விட்டுப் போகிற வழியில் விஷயம் கேள்விப்பட்டு உள்ளே வந்தார்கள். தையல்நாயகிக்கு உடம்பு சரியில்லை என்று முருகையன் சூப்பர்வைசரிடம் சொன்னானாம். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் வானம் தோண்டிய பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அவள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். மறுநாளும் வந்தார்கள். அன்றைக்கு மில் கேட்டில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். தணிகாசலம் ஒருத்தியை விரட்டலாம். இத்தனை பேரை என்ன சொல்லி விரட்டுவார்?

"என்னாதான் வேணும் உனக்கு?" என்று மூன்றாம் நாள் கேட்டார்.

"ரூம் கட்டிக்குங்க மாமா. நான் வேணாங்கல. மரத்தை விட்டுட்டுக் கட்டுங்க."

"மூலைய வெட்டிட்டா கட்டச் சொல்ற? சதுரமா இல்லாத ரூமுல எவன் குடியிருப்பான்? பாக்கறவன் என்னைப் பத்தி என்னா பேசுவான்?"

"மேஸ்திரி மனசு வச்சா கோணையாக் கூட நேராக் கட்டலாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் அன்று பிற்பகல் அவரே நூலைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரத்திலிருந்து ஓர் எட்டு விட்டு, ரூமின் மேற்குச் சுவர் வருகிற இடத்தில் மூலையைச் சாய்வாக வெட்டிக் கோடு இழுத்தார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கோடு முடிந்ததும் நூலைச் சுருட்டி வீசிவிட்டு, "ஆயுசுல மொத தடவையா என் கையால கோணச் சுவரு எழும்புது" என்றார். தையல்நாயகி சாக்கை உதறி மடித்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் நடந்து போனாள்.

ரூம் இரண்டும் எழுந்தன. கோணல் ரூமுக்கு எவனும் வரமாட்டான் என்று தணிகாசலம் சொன்னது பலிக்கவில்லை. மின்சார இலாகா கிளார்க் ஒருவர் வந்தார். கட்டில் போட இடம் ஒத்துவரவில்லை என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார். காற்றடித்தால் ஓலை சுவரில் உராய்கிற சத்தம் தூங்கவிடவில்லை என்றார். சித்திரை வெயிலில் மற்ற ரூம் கொதித்தபோது அவர் ரூம் மட்டும் நிழலில் இருந்தது. அப்புறம் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று, பிறகு முருகையனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அஞ்சலாட்சி கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து கொடுத்ததில் திரும்ப ஒட்டிக்கொண்டது.

லத்தானி வளர்ந்தது. சிவப்பு மெல்ல மங்கி ஓலைகள் சாம்பல் பூத்த பச்சையாயின. ஓட்டுக்கு மேலே தலை தூக்கியது. தையல்நாயகிக்கு மில்லில் வயசாகி ஓய்வு கொடுத்தார்கள். காலையில் எழுந்தால் காபியை எடுத்துக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். யாராவது கேட்டால், "வேலையாத்தான் இருக்கேன், பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாள்.

எண்பத்தெட்டில் மரம் பாளை விட்டது. தெருவே வந்து நின்றது. பழுப்பு நிறத்தில் விரல் விரலாகக் கதிர்கள் தொங்கின. பழமாக உதிருமா, நுங்கு இருக்குமா, கள் வருமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பனை ஏறித் தழும்பேறிய ஒரு கிழவர் வந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் கையை விரித்தார்.

"இது ஆம்பளைப் பனைம்மா. காய்க்காது."

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. காய் வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் செதுக்கிய விதையைத் தன் மரத்தடியிலிருந்து ஒருநாள் பொறுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. கிணற்றடி மரம் இருந்திருந்தால் அது பெண்ணாக இருந்திருக்குமோ என்றும் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொன்னால் தணிகாசலத்தைக் குத்துவதாகும். சொல்லவில்லை.

அஞ்சலாட்சி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஒரு ஆம்பளைப் பனைக்கா இத்தினி ஆட்டம் ஆடின? சுவரையே கோணலாக்கினியே! இனிமேலாவது வெட்டிப் போடு."

தையல்நாயகி நிமிர்ந்தாள். "உங்க ஊட்டுல இருக்கறவரும் ஆம்பளதானேக்கா. காய்ச்சாரா? வெட்டியா போட்டீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பனையேறிக் கிழவர் இருமிக்கொண்டே சிரித்தார். தூரத்தில் நின்ற தணிகாசலம் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்ததாக முருகையன் பின்னால் சத்தியம் செய்தான்.

செல்வாம்பாள் அடுத்த லீவுக்கு வந்தபோது யாரும் கேட்காமல் அவளாகவே ஒரு பை நிறைய விதை கொண்டுவந்தாள். இதில் ஒன்றாவது பெண்ணாக இருக்காதா என்றாள். பூக்கப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும், அதுவரைக்கும் யார் இருப்பார்களோ என்று முருகையன் சொன்னான். தையல்நாயகி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தரையில் இடமில்லை. ரூம்களின் தளம் மேலே சும்மாதான் இருந்தது. கிளார்க்கின் ஏணியை வாங்கிச் சாய்த்துக்கொண்டு, டின் டின்னாக மேலே ஏற்றினாள். அவள் ஏறினால் ஏணி ஆடும். கீழே முருகையன் பிடித்துக்கொண்டு நிற்பான், திட்டிக்கொண்டே.

ஒருநாள் காலையில் அவள் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து தணிகாசலம் கத்தினார்.

"தளம் ஒழுகிப்போவும்! யாரைக் கேட்டு மேல ஏத்தின?"

தையல்நாயகி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கையில் பூவாளி சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒழுவாது மாமா. நீங்க கட்டினதாச்சே" என்றாள். "ஒழுவினா சொல்லுங்க, ஊர்ல நல்ல மேஸ்திரியா பாத்துப் பூசிக்கலாம்."

அவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே முன்பக்கம் போனார். அவள் அடுத்த டின்னுக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பினாள்.